வாலைக் காட்டினாலும் பணம்

போன மாதம் ஒரு சனிக்கிழமை. சிட்னிக்கு வடமேற்கே ஹாக்ஸ்பரி ஆற்றுப் பக்கம் ஒரு குதிரைப் பயிற்சிப் பண்ணை. மகளை வகுப்பில் விட்டுவிட்டு, வழக்கம்போல் காரிலேயே ஒரு குட்டித் தூக்கம் போடலாமென்று சீட்டைச் சாய்த்தேன். அப்போதுதான் அந்தக் குதிரை வண்டி வந்து நின்றது. குதிரை இழுக்கும் வண்டி இல்லை, குதிரையை ஏற்றிக்கொண்டு வரும் வண்டி. இங்கே அதை 'ஃப்ளோட்' என்பார்கள்.

பின்கதவை இறக்கினார்கள். உள்ளே ஒரு செம்பழுப்புப் பெண் குதிரை. ஏழு மணி நேரப் பயணமாம். வழியில் எங்கோ மிரண்டு, தடுப்புப் பலகையை உதைத்து உடைத்திருக்கிறது. பின்னங்காலில் தோல் கிழிந்து குளம்பு வரை ரத்தம். உடம்பு முழுக்க வியர்வை, நடுக்கம்.

அடுத்த கால் மணி நேரம் நடந்ததுதான் எனக்கு மறக்கவில்லை. ஓட்டுநர் ஒரு காகிதத்தை எடுத்தார். "ஏற்றும்போதே முரண்டு பிடித்தது, அதை எழுதி வாங்கியிருக்கிறேன்" என்றார். வாங்கியவர் இன்னொரு காகிதத்தை எடுத்தார். "என் கைக்கு வருமுன் நடந்ததற்கு நான் பொறுப்பில்லை" என்றார். விற்றவர் தொலைபேசியில். "ஏறும்போது நன்றாக இருந்தது, போட்டோ இருக்கிறது" என்றார். லாயத்தில் வேலை செய்யும் பத்தொன்பது இருபது வயசுப் பெண் ஒருத்தி மட்டும் இவர்கள் யாரையும் கேட்காமல் ஒரு சுத்தமான துணியை மடித்துக் காயத்தின்மேல் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வகுப்பு முடிந்து வந்த மகள் கேட்டாள்: "அப்பா, அவங்க ஏன் குதிரையைப் பார்க்காம பேப்பரையே பார்க்கறாங்க?"

வீடு திரும்பும் வழியெல்லாம் அதற்கு ஒரு பதில் தேடினேன். தேடிக்கொண்டே போனால் அது எழுநூறு வருஷம் பின்னால், காயல்பட்டினம் வரை போய்விட்டது. அந்தக் கதைதான் இது. கொஞ்சம் நீளம், பொறுத்துக் கொள்ளுங்கள்.

முதலில், கம்ப்யூட்டர் தட்டிப் பிழைக்கும் எனக்கும் குதிரைக்கும் என்ன சம்பந்தம் என்று தங்கமணி கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். நான் பிறந்து வளர்ந்தது பெங்களூரு காக்ஸ் டவுன். ஃப்ரேஸர் டவுனுக்கும் ஜீவனஹள்ளிக்கும் பக்கத்தில், பெங்களூரு ஈஸ்ட் ஸ்டேஷனில் ரயில் ஊதினால் வீட்டுக்குள் கேட்கும் தூரம். 1809ல் பிரிட்டிஷ் பட்டாளம் ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து பெங்களூருக்கு இடம் மாறியபோது அதன் பின்னாலேயே வட ஆற்காட்டிலிருந்தும் மெட்ராஸ் பக்கத்திலிருந்தும் தமிழ்க் குடும்பங்கள் வந்தன. சமையல்காரர், தையல்காரர், கொத்தனார், வண்ணார், குதிரைக்காரர் என்று பட்டாளத்துக்கு வேண்டிய அத்தனை கைகளும் வந்தன. என் கொள்ளுத் தாத்தாவும் அப்படி வந்த குதிரைக்காரர்தான். (நிஜமாகவே கொள்ளு வேகவைத்த தாத்தா என்று வீட்டில் கேலி செய்வோம் :-)) அவரைப் பற்றி எங்களுக்குத் தெரிந்தது அந்த ஒரு வரிதான். எந்தப் பட்டாளம், எந்த வருஷம் என்று எதுவும் தெரியாது.

சரி, காயலுக்குப் போவோம்.

நம் நாட்டில் நல்ல போர்க்குதிரை விளைவதில்லை. கடலோர ஈரமும் வெக்கையும் அதற்கு ஒத்து வராது, நல்ல மேய்ச்சல் புல்லும் குறைவு. ஆனால் குதிரைப்படை இல்லாமல் அரசனுக்குப் பிழைப்பில்லை. ஆகவே சங்க காலத்திலிருந்தே குதிரை கடல் வழியாக வந்துகொண்டிருந்தது. காவிரிப்பூம்பட்டினத்தில் குவிந்த பொருள்களைப் பட்டியலிடும்போது பட்டினப்பாலை முதலில் சொல்வதே கடலில் வந்த குதிரைகளைத்தான். பிற்காலக் கல்வெட்டுகளில் மலைமண்டலத்திலிருந்து வந்த 'குதிரைச் செட்டி'கள் கோயிலுக்குக் கொடை கொடுக்கிறார்கள். அவ்வளவு லாபமான தொழில்.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டியருக்குக் குதிரை வந்த வழியைப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் விவரமாக எழுதியிருக்கிறார். பாரசீக வளைகுடாவில் கைஸ் என்று ஒரு தீவு. இன்றைக்கு ஈரானைச் சேர்ந்த கிஷ். அங்கே மாலிக்குல் இஸ்லாம் ஜமாலுத்தீன் என்ற பெருவணிகர். அவருடைய சகோதரர் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் இங்கே சுந்தர பாண்டியனிடம் அமைச்சர். அண்ணன் தம்பி இரண்டு கரையிலும் இருந்தால் வியாபாரம் எப்படி நடக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஜமாலுத்தீன் தன் சொந்தக் குதிரைகளில் வருஷத்துக்கு 1,400 அனுப்ப வேண்டும் என்று ஏற்பாடு. அதற்குக் கொஞ்சம் முந்தைய காலத்தில் மாபாருக்கும் (நம் சோழமண்டலக் கரைக்கு அரபிகள் வைத்த பெயர்) காம்பே முதலிய துறைமுகங்களுக்கும் சேர்த்து ஆண்டுக்கு 10,000 குதிரைகள் போனதாகவும், மொத்த மதிப்பு 22 லட்சம் தினார் என்றும் அவர் கணக்குச் சொல்கிறார். ஒரு குதிரைக்கு 220 பொன் தினார்.

இதில் ஒரு ஷரத்து இருந்தது. அதைப் படித்தபோதுதான் எனக்கு அந்தச் சனிக்கிழமை ஞாபகம் வந்தது. பயணத்தில் குதிரைக்குக் காயம் பட்டாலும் சரி, அது செத்தே போனாலும் சரி, முழு விலையை அரசன் கொடுத்துவிட வேண்டும்!

பாண்டியன் ஏமாளி என்று அவசரப்பட்டு நினைக்காதீர்கள். அவன் நிலைமையில் இருந்து பார்த்தால் இது புத்திசாலித்தனமான காப்பீடு. பருவக்காற்றை நம்பிப் பல வாரம் கடலில் வர வேண்டும். நஷ்டம் முழுவதும் வணிகன் தலையில் என்றால் பாதிப் பேர் வரமாட்டார்கள். வருகிறவர்களும் வேறு துறைமுகத்தில் இறக்கி, ஹொய்சாளனுக்கோ காகதீயனுக்கோ விற்றுவிட்டுப் போவார்கள். எதிரிக்குக் குதிரை போவதைவிடச் செத்த குதிரைக்குப் பணம் கொடுப்பது மேல்.

ஆனால் அந்தக் கப்பலை நினைத்துப் பாருங்கள். ஹோர்முஸ் கப்பல்களை மார்க்கோ போலோ பார்த்திருக்கிறார். இரும்பாணி கிடையாது, தென்னங்கயிற்றால் தைத்த பலகைகள். ஒரே பாய்மரம். மேல்தளம் இல்லை. சரக்கை அடுக்கி, அதன்மேல் தோலைப் போர்த்தி, அந்தத் தோலின் மேல் குதிரைகளை ஏற்றுவார்களாம். ஆடுகிற படகில், வழுக்குகிற தோலின்மேல், நானூறு கிலோ மிருகம் நாலு காலில் நிற்க வேண்டும். அலையடித்து ஒரு கால் சறுக்கினால் முட்டி போயிற்று. குதிரைக்கு வாந்தி எடுக்கவும் வராது. அதன் உடலமைப்பு அப்படி. குமட்டினாலும் வயிறு உப்பினாலும் உள்ளேயே அனுபவிக்க வேண்டியதுதான்.

இந்தக் கப்பலில் தோலுக்கு அடியில் கொஞ்சம் வைக்கோலைத் திணிக்கலாம், குதிரைகளுக்கு நடுவே தடுப்புக் கட்டலாம், இரண்டு குதிரை குறைவாக ஏற்றலாம். இதற்கெல்லாம் செலவாகும். குதிரை பிழைத்தாலும் 220, செத்தாலும் 220 என்றால் அந்தச் செலவை யார் செய்வார்கள்? நல்ல வணிகர் செய்திருப்பார். ஒப்பந்தம் அவரைச் செய்யச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

கரையில் இறங்கிய பிறகாவது நிம்மதியா? அதுவும் இல்லை. நாற்பது நாள் கயிற்றாலும் முளையாலும் கட்டிப் போட்டுக் கொழுக்க வைத்து, பிறகு பழக்காமலேயே ஏறிப் பேய்போல் ஓட்டுகிறார்கள், நல்ல குதிரைகள் எல்லாம் கொஞ்ச நாளில் மந்தமாகிவிடுகின்றன என்கிறார் வஸ்ஸாஃப். மார்க்கோ போலோ இன்னும் ஒரு படி மேலே போகிறார். பாண்டிய சகோதரர்கள் ஐந்து பேரும் ஆளுக்கு இரண்டாயிரம் குதிரை வாங்கினாலும் வருஷக் கடைசியில் நூறுகூட மிஞ்சாதாம். சோற்றையும் இறைச்சியையும் வேகவைத்துப் போடுகிறார்கள், குதிரை வைத்தியம் தெரிந்தவர் இல்லை, வணிகர்களும் தங்கள் ஊர் வைத்தியர்களை இங்கே வரவிடுவதில்லை, குதிரை செத்தால்தானே அடுத்த வருஷம் வியாபாரம் என்கிறார்.

இரண்டு பேர் பேச்சையும் அப்படியே நம்ப வேண்டியதில்லை. துறைமுகத்து வதந்தி எந்தக் காலத்திலும் உண்டு. நம்மிடம் அசுவ சாஸ்திரம் இருந்தது. தஞ்சை சரஸ்வதி மகால் நூலகத்தில் குதிரை பற்றிய சுவடிகள் இன்றும் இருக்கின்றன. ஆனால் பணம் எங்கிருந்து வந்தது என்று வஸ்ஸாஃப் சொல்வதைக் கவனிக்க வேண்டும். கோயில் சொத்துக்களின் வருமானத்திலிருந்தும் கோயில் சார்ந்த கணிகையர் மீதான வரியிலிருந்தும் கொடுத்தார்களாம். அவர் சொல்வது சரியென்றால், வளைகுடாவில் ஒடிந்த காலுக்கு எங்கோ ஒரு கோயில் நிலத்தில் விளைந்த நெல் பணம் கட்டியிருக்கிறது. ஏற்றியவனுக்கு வலிக்கவில்லை, வாங்கியவனுக்கும் வலிக்கவில்லை. வலி குதிரைக்கும் உழுதவனுக்கும்.

இருநூறு வருஷம் கழித்து விஜயநகரம். சாளுவ நரசிம்மர் காலத்தைப் பற்றிப் போர்ச்சுக்கீசியக் குதிரை வணிகர் நூனிஸ் எழுதுகிறார். நரசிம்மர் ஹோர்முஸ் குதிரைகளை உயிரோடு வந்தாலும் பிணமாக வந்தாலும், மூன்று குதிரைக்கு ஆயிரம் பர்தாவ் என்று வாங்கிக்கொண்டாராம். பர்தாவ் என்றால் அக்காலப் பொற்காசு. நடுக்கடலில் செத்ததை எப்படிக் கொண்டு வருவது? வாலை மட்டும் அறுத்துக் கொண்டுவந்து காட்டினால் போதும். உயிருள்ள குதிரைக்கு என்ன விலையோ அதே விலை!

வாலைக் காட்டினால் பணம். இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். கால் உடைந்த குதிரை ஒன்று கப்பலில் கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்குத் தண்ணீர் காட்டி, புண்ணைக் கழுவி, மூன்று வாரம் காப்பாற்றிக் கரை சேர்ப்பதா, வாலோடு வேலையை முடிப்பதா? தண்ணீரோ கப்பலில் அளந்து வைத்தது. இரண்டுக்கும் ஒரே கூலி. நரசிம்மர் கெட்ட அரசர் இல்லை. அவருக்கும் பாண்டியனின் அதே பயம்தான். கிருஷ்ணதேவராயர்கூடத் தன் ஆமுக்தமால்யதாவில் (நம் ஆண்டாள் கதையைச் சொல்லும் தெலுங்குக் காவியம்) இதே பயத்தைத்தான் சொல்கிறார். யானையும் குதிரையும் கொண்டுவரும் தூர தேசத்து வணிகர்களை நன்றாகக் கவனித்துக்கொள், இல்லாவிட்டால் அவை எதிரிக்குப் போய்விடும் என்பது அவர் அரசர்களுக்குச் சொன்ன புத்திமதி.

இதே கேள்விக்கு நம் புராணம் வேறு ஒரு பதிலை வைத்திருக்கிறது. மாணிக்கவாசகர் கதை உங்களுக்குத் தெரியும். பாண்டியன் குதிரை வாங்கக் கொடுத்த பணத்தைத் திருப்பெருந்துறையில் கோயிலுக்குச் செலவழித்துவிட்டார். சிவபெருமானே குதிரை வணிகனாக வந்து, நரிகளைப் பரிகளாக்கி மதுரைக்கு ஓட்டி வந்தார். ராத்திரி எல்லாம் மறுபடி நரியாகி லாயத்துக் குதிரைகளையும் கடித்துவிட்டு ஓடின. சின்ன வயதில் நான் கேட்டதும் இவ்வளவுதான். ஆனால் நடுவில் ஒரு காட்சி உண்டு. குதிரைகளை ஒப்படைக்கும்போது 'கயிறு மாறுதல்' என்று ஒரு சடங்கு. வணிகன் கையிலிருந்த கயிறு வாங்குபவன் கைக்கு மாற வேண்டும். மாறிய பின் குதிரைக்கு எது நேர்ந்தாலும் வணிகனுக்குப் பொறுப்பில்லை. மறுநாள் பாண்டியனால் வணிகனைப் பிடிக்க முடியாமல் போனதற்கு இதுவும் காரணம்.

இன்றைக்குக் கப்பல் சரக்கு ஒப்பந்தங்களில் பக்கம் பக்கமாக எழுதுகிறார்களே, பொருளின் பொறுப்பு எந்த இடத்தில் கை மாறுகிறது என்று, அதை நம் ஆட்கள் ஒரு கயிற்றில் முடித்துவிட்டார்கள். கயிறு யார் கையில் இருக்கிறதோ அவர் பொறுப்பு. புராணத்துக் கயிறு கரையில்தான் மாறுகிறது. பாண்டியன், நரசிம்மர் ஒப்பந்தங்களில் குதிரை கைஸிலும் ஹோர்முஸிலும் கப்பல் ஏறும்போதே, பணக் கணக்கில், கயிறு அரசன் கைக்கு வந்துவிடுகிறது. அவனோ கடலுக்கு இந்தப் பக்கம் அரண்மனையில் இருக்கிறான். கப்பலில் கயிற்றைப் பிடிக்க ஆளில்லை.

இப்போது நான் இருக்கும் ஊருக்கு வருகிறேன். சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸிலிருந்து 1830களில் மெட்ராஸுக்குக் குதிரை அனுப்ப ஆரம்பித்தார்கள். அந்த 'வேல்ஸ்' என்ற பெயரிலிருந்து அவற்றுக்கு 'வேலர்' என்றே பெயர் வந்தது. (நம் ஆட்கள் காதில் முருகன் பெயராக விழுந்திருக்கும்.) நூறு வருஷத்துக்கும் மேல் நடந்த வியாபாரம் இது. நான் மெட்ராஸில் விமானம் ஏறி இங்கே வந்த வழியில்தான் எதிர்த்திசையில் அவை போயிருக்கின்றன.

ஜே.பி. ஈஸ்ட் என்பவர் 1834ல் வரைந்த ஓவியம் ஒன்று இங்கே ஆஸ்திரேலிய நூலகச் சேகரிப்பில் இருக்கிறது. ஆஸ்திரேலியக் குதிரைகள் மெட்ராஸில் இறங்கும் காட்சி. அப்போது மெட்ராஸுக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். அலைகளைத் தாண்டிக் கரை சேர மசூலாப் படகும் கட்டுமரமும்தான். மசூலாவும் ஆணியில்லாமல் தென்னங்கயிற்றால் தைத்த படகு, ஹோர்முஸ் கப்பல் போலவே. வாரக்கணக்கில் குறுகிய கட்டத்துக்குள் நின்றே வந்த குதிரையைக் கடைசியில் அந்த அலைக்குள் கொண்டுவந்தாக வேண்டும். அங்கே நம் கடற்கரைக்காரர்களின் கைத்திறன்தான் குதிரையின் உயிர்.

ஆனால் ஒரு மாற்றம் வந்திருந்தது. நாளடைவில் ராணுவத்தின் ரிமவுண்ட் அதிகாரிகள், இறங்கிய குதிரைகளைப் பார்த்துத் தேர்ந்தெடுத்து வாங்கினார்கள். வாலுக்குப் பணம் கிடையாது. வழியில் செத்தால் ஏற்றியவர் நஷ்டம், நொண்டினால் விலை குறையும். கயிறு மறுபடி கரையில்தான் மாறியது. இதற்குப் பின்னும் புயலில் குதிரைகள் செத்தன, நோயில் செத்தன. எனினும் கட்டத்தின் அளவு, காற்றோட்டம், தண்ணீர் பற்றி யோசிக்க ஏற்றுகிறவருக்கே ஒரு காரணம் கிடைத்தது.

மெட்ராஸ் ராணுவத்தின் குதிரைகளுக்கு ஓசூரில் ஒரு பெரிய ரிமவுண்ட் டெப்போ இருந்தது. பெங்களூரிலிருந்து நாற்பது கிலோமீட்டர். மத்திகிரியில் 1,600 ஏக்கருக்கும் மேல் பரந்து கிடக்கும் அரசுக் கால்நடைப் பண்ணை தெரியுமல்லவா, அதுதான். 1824ல் கிழக்கிந்தியக் கம்பெனி குதிரைக்காக ஆரம்பித்தது. பட்டாளத்துக்கு அனுப்புமுன் குதிரைகளை வைத்துத் தேற்ற மேட்டு நிலமும் மிதமான வெயிலும் புல்லும் தோதாக இருந்தன. முளையில் நாற்பது நாள் கட்டிப் போட்டதாக வஸ்ஸாஃப் சொன்னதற்கும் இதற்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள்.

அங்கிருந்து பெங்களூரு தண்டுக்கு. எங்கள் காக்ஸ் டவுனிலிருந்து கொஞ்ச தூரத்தில் காமராஜ் ரோடு இருக்கிறதே, அதன் பழைய பெயர் கேவல்ரி ரோடு, குதிரைப்படைச் சாலை. காமராஜர் பெயர் வைத்த தெருவில் ஒரு காலத்தில் குளம்புச் சத்தம் கேட்டிருக்கிறது.

1896ல் இந்தத் தண்டுக்கு நாலாவது ஹுஸார்ஸ் என்ற குதிரைப்படை வந்தது. அதில் ஒரு இளம் அதிகாரி, பெயர் வின்ஸ்டன் சர்ச்சில். அவரே ஒரு போக்குவரத்து விபத்து கேஸ்தான். பம்பாயில் சசூன் டாக்கில் படகிலிருந்து ஏறும்போது சுவரிலிருந்த இரும்பு வளையத்தைப் பிடித்தார், படகு கீழே இறங்கியது, வலது தோள் பிசகியது. ஆயுள் முழுக்கத் தொல்லை. பெங்களூரில் போலோ ஆடும்போதெல்லாம் அந்தக் கையைப் பட்டையால் கட்டிக்கொண்டுதான் ஆடினார்.

அவர்மேல் நமக்கு ஆயிரம் கோபம் உண்டு, வங்காளப் பஞ்சம் ஒன்று போதும். ஆனாலும் அவர் சுயசரிதையில் எழுதிய ஒரு விஷயம் இங்கே தேவைப்படுகிறது. 1899ல் மீரட்டில் ரெஜிமெண்டுகளுக்கு இடையிலான போலோப் பந்தயம். பெங்களூரிலிருந்து 1,400 மைல். முப்பது குதிரைகளைத் தனி ரயிலில் கொண்டுபோனார்கள். குதிரைக்காரர்கள் கூடவே போனார்கள். லாடம் பார்க்கும் மூத்த ஆளும் நம்பிக்கையான சார்ஜெண்டுகளும் ஓர் அதிகாரியும் போனார்கள். ஒரு நாளைக்கு ஏறக்குறைய 200 மைல்தான் பயணம். ஒவ்வொரு சாயங்காலமும் குதிரைகளை இறக்கி, இளைப்பாற விட்டு, நடத்திக் கூட்டிப் போய் மறுபடி ஏற்றினார்கள். கிளம்பியபோது இருந்த அதே தெம்போடு அவை போய்ச் சேர்ந்ததாக எழுதுகிறார். மனிதர்தான் வழியில் ஜோத்பூரில் விழுந்து மறுபடி தோளைப் பிசகிக்கொண்டார். :-) கோப்பையை வென்றார்கள்.

இதில் ரகசிய வித்தை ஒன்றுமில்லை. குதிரையை இறக்கு, நடத்து, தண்ணீர் காட்டு, காலைத் தடவிப் பார். காயம் வருமுன் தடுப்பதும், வந்த காயத்தைச் சின்னதாக இருக்கும்போதே பிடிப்பதும் இதில்தான். கைஸிலும் இது தெரிந்தவர்கள் இருந்திருப்பார்கள். வித்தியாசம், இந்த ரயிலில் குதிரை அவர்களுடைய சொந்தக் குதிரை. கயிற்றைப் பிடித்தவர்கள் குதிரையோடு அதே ரயிலில் இருந்தார்கள். ஆனால் கயிற்றை நிஜமாகவே கையில் பிடித்திருந்த குதிரைக்காரர்களில் ஒருவர் பெயர்கூட அந்தக் கதையில் இல்லை. அவர்களில் எத்தனை பேர் நம் ஊர்க்காரர்களோ! என் கொள்ளுத் தாத்தா அந்த ரயிலில் இருந்தார் என்று சொல்ல எனக்கு ஆசைதான். ஆதாரம் இல்லை, சொல்லக் கூடாது.

எனக்குத் தெரிந்த கதையைச் சொல்கிறேன். எழுபதுகளின் கடைசி. எங்கள் தெருவில் ஜட்கா ஓட்டிய ஒரு பாய் இருந்தார். ஆடி மாதம் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் திருவிழாவில் பெரிய குதிரைச் சந்தை கூடும். அங்கே போய் ஒரு வெள்ளைக் குதிரை வாங்கி, யாரோ ஒருவருடைய லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். மலைப் பாதையில் லாரி குலுங்கி, குதிரை விழுந்து, முன்னங்கால் முட்டியில் சதை பிய்ந்துவிட்டது. காக்ஸ் டவுன் மார்க்கெட் பக்கம் லாரி வந்து நின்றபோது விடிகாலை. பாய்க்கு ஆத்திரம். வீட்டு நகையை வைத்து வாங்கிய குதிரை. லாரிக்காரரின் சட்டையைப் பிடித்துவிட்டார். கூட்டம் கூடிவிட்டது.

சத்தம் கேட்டு வந்த தாத்தா கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், "தண்ணி குடிச்சுதா?" என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. "சண்டை அப்பறம் போடலாம் பாய், முதல்ல கயித்தைப் பிடிங்க" என்றார்.

பாய் சட்டையை விட்டுவிட்டுக் கயிற்றைப் பிடித்தார். வாளி வந்தது. குதிரை குடித்தது. தாத்தா கொதித்து ஆறிய உப்புத் தண்ணீரால் புண்ணை மெதுவாகக் கழுவினார். அப்புறம் கால்நடை ஆஸ்பத்திரிக்கு மெல்ல நடத்திப் போனார்கள், ஊசி போட்டார்கள். ஒரு வாரம் ராத்திரியெல்லாம் பாயும் அவர் மகனும் மாறி மாறிக் குதிரைப் பக்கத்திலேயே படுத்தார்கள். லாரிக்காரர் பாதி வாடகையைத் திருப்பிக் கொடுத்ததாக ஞாபகம். அந்தக் குதிரை முட்டியில் ஒரு கறுப்புத் தழும்போடு பல வருஷம் எங்களைப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துப் போனது. அதற்குத் தாத்தா எங்கே வைத்தியம் கற்றார் என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. அவர் அப்பாவிடம்தான் இருக்க வேண்டும்.

இங்கே பண்ணைக்கு அன்று வந்த கால்நடை மருத்துவர் செய்ததும் ஏறக்குறைய அதேதான். லாயத்துப் பெண் அழுத்திப் பிடித்தது சரியென்று பாராட்டினார். காயம் மூட்டுக்குள் இறங்கியிருக்கிறதா என்று முதலில் பார்த்தார். மூட்டுக்குள் போனால் சின்ன ஓட்டைகூட ஆபத்தாம். கழுவினார், தைத்தார், டெட்டனஸ் ஊசி போட்டார். குதிரைக்கு அந்த நோய் சுலபமாகப் பிடிக்கும். அடுத்த சில நாள் காய்ச்சல் பார்க்கச் சொன்னார். பயணத்தில் தலையைத் தூக்கிக் கட்டியே வைத்திருந்தால் நுரையீரலில் சளி தங்கிக் காய்ச்சல் வருமாம். அதனால் தீவனத்தைத் தரையில் வைத்துத் தலையைத் தாழ்த்தித் தின்ன விட வேண்டும். அடிபடாத காலையும் கவனிக்கச் சொன்னார். ஒரு கால் வலித்தால் முழுப் பாரத்தையும் மறு காலில் போட்டு, அந்தக் குளம்பும் கெட்டுப்போகும்.

இந்தியாவில் 1960ன் மிருகவதைத் தடுப்புச் சட்டமும் 1978ன் விலங்குப் போக்குவரத்து விதிகளும் இருக்கின்றன. ஏற்றுமுன் மருத்துவர் சான்றிதழ், கூடவே முதலுதவிப் பெட்டி எல்லாம் விதியில் உண்டு. இங்கேயும் காகிதத்துக்குக் குறைவில்லை. காகிதம் வேண்டும்தான், நான் மறுக்கவில்லை. பாயிடமும் ஒரு காகிதம் இருந்திருந்தால் முழு வாடகையும் திரும்பி வந்திருக்கும். ஆனால் காகிதம் எப்போதும் யார் பணம் கொடுப்பது என்றுதான் சொல்கிறது. வண்டிக்குள் அந்த ஏழு மணி நேரம் குதிரையை யார் பார்ப்பது என்று பெரும்பாலும் சொல்வதில்லை. பாண்டியன் காகிதமும் அதைச் சொல்லவில்லை.

அதனால்தான் அன்றைக்கு எல்லோரும் காகிதத்தைப் பார்த்தார்கள் என்று மகளிடம் சொன்னேன். நஷ்டம் தன் தலையில் விழாது என்று தெரிகிற வரைக்கும் யாருக்கும் குதிரை கண்ணில் படவில்லை. அவள் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "அந்த அக்கா மட்டும் பார்த்தாங்களே" என்றாள்.

போன வாரம் போனபோது செம்பழுப்பு லேசாகத் தாங்கித் தாங்கி நடந்துகொண்டிருந்தது. கயிற்றைப் பிடித்திருந்தது அதே பெண். அரை மணி நேரம் வேலியோரம் நின்று பார்த்துவிட்டு வந்தோம். பணத் தகராறு இன்னும் முடியவில்லையாம்.

உங்கள் வீட்டிலும் பட்டாளத்துக் குதிரைக்காரர், லாடம் அடித்தவர், ஜட்கா ஓட்டியவர் என்று யாராவது இருந்திருப்பார்கள். பெரியவர்கள் இருக்கும்போதே பெயரையும் ஊரையும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அந்த ஒரு வரிக்கு மேல் கிடைக்கவில்லை.